சாத்தியப் பராமரிப்புச் சட்டம்

கடலுக்கும் களப்பு என்கிற உப்புநீர் ஏரிக்கும் நடுவில், ஒரு பக்கம் உப்புக் காற்றும் மறுபக்கம் சேற்று வாடையும் வீச, இருமணல் என்று ஒரு நாடு இருந்தது. அங்கே மாமரங்கள் நன்றாகக் காய்த்தன, நண்டுகள் கொழுத்தன, மன்னரை ஆறு ஆண்டுக்கு ஒருமுறை மக்களே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே அந்த நாட்டில் நடந்த எதற்கும் மக்களைத் தவிர வேறு யாரும் பொறுப்பில்லை என்று மன்னர்கள் சொல்லிக்கொள்வது வழக்கம்.

அதற்கு முன்னால் இருநூறு ஆண்டுகள் அந்த நாட்டை ஆண்டவர்கள் பாய்மரக்காரர்கள். அவர்கள் போகும்போது ஒரு மணிக்கூண்டையும் ஒரு சிறைச்சாலையையும் தங்கள் மொழியையும் விட்டுவிட்டுப் போனார்கள். மணிக்கூண்டு நின்றுபோனது. சிறைச்சாலையை இரண்டு தடவை பெரிதாக்கிக் கட்டினார்கள். மொழியில் அதிகாரிகள் ஆசையாக எடுத்து வைத்துக்கொண்டவை நான்கே சொற்கள்: மஸ்ட், மே, குட், மைட். ஒரு காரியம் உண்டா இல்லையா என்று கண்ணால் பார்க்காதபோது, பாய்மரக்காரர்கள் பேச்சில் இவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான் என்று தோன்றினால் மஸ்ட். இருக்கலாம் என்றால் மே. இருக்கவும்கூடும் என்றால் குட். இருந்தாலும் இருக்கும், யார் கண்டது என்றால் மைட்.

யோசித்துப் பார்த்தால் இவை பணிவான சொற்கள். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிற மனிதனுடைய சொற்கள். நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாததுபோல் சொல்லவும் இவை உதவும் என்று கண்டுபிடித்த பெருமை இருமணல் அதிகாரிகளையே சேரும். பாய்மரக்காரரிடம் காண்ட் என்று ஐந்தாவதாக ஒரு சொல்லும் இருந்தது. இருக்க வழியே இல்லை என்பதற்கு அது. பின்னாளில் இந்தச் சொற்களுக்கு முத்திரை செதுக்குகிறபோது மரம் போதவில்லை என்று அதை விட்டுவிட்டார்கள்.

அந்த நாட்டில் ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. யார் தொடங்கியது என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. யார் முடித்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை, ஏனென்றால் அவருடைய படம் எல்லாச் சந்திகளிலும் இருந்தது. அவர் பெயர் வெற்றிவேந்தர். சண்டை முடிந்த அன்று அவர் மேடையில் ஏறி, "என் ஆட்சியில் காணாமல் போனவர் என்று ஒருவரும் இல்லை, இருக்கவும் மாட்டார்" என்று அறிவித்தார்.

நாற்பதாம் நாள் காலை, களப்புப் பாலத்தடியில், தோணிக்காரன் மாசிலாமணியை வேந்தரின் ஆட்கள் மறித்தார்கள். அவன் மனைவி நகுலேஸ்வரி ஆறு வயது மகள் வதனியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இரண்டு கேள்விதான் அம்மா. கேட்டுவிட்டு அனுப்பிவிடுவோம்" என்றான் ஒருவன், மிகவும் மரியாதையாக.

மாசிலாமணி வண்டியில் ஏறும் முன் திரும்பிப் பார்த்தான். "தோணியைக் கட்டிப்போட்டு வீட்ட போ. நான் இந்தா வந்திடுறன்."

நகுலேஸ்வரி தோணியைக் கட்டினாள். வீட்டுக்குப் போகவில்லை. அவன் வந்து பார்க்கும்போது தான் இல்லாவிட்டால் பதறுவான் என்று, பொழுது சாயும்வரை பாலத்தடியிலேயே நின்றாள். மறுநாளும் நின்றாள். நான்காம் நாள் தலைநகருக்கு ஒரு மனுப் போட்டாள். என் கணவர் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? அவ்வளவுதான் மனு. அதற்குப் பின் பதினோரு ஆண்டு அவள் அரசிடம் கேட்டதும் அவ்வளவுதான்.

அதே மாதத்தில் அப்படிப் பன்னிரண்டாயிரம் மனுக்கள் வந்து சேர்ந்தன. உறுதிமொழி அமைச்சர் கம்பீரநாதரும் செயலாளர் பத்மசேகரரும் கூடி ஆலோசித்தார்கள்.

"உயிரோடு இருக்கிறார் என்று பதில் எழுதினால், காட்டுங்கள் என்பார்கள்" என்றார் செயலாளர்.

"இல்லை என்று எழுதினால்?"

"எப்படி என்பார்கள். எங்கே என்பார்கள். யார் என்பார்கள். இவை நீண்ட விடைகளை வேண்டி நிற்கும் வினாக்கள், அமைச்சர் அவர்களே."

அமைச்சர் பழைய அலமாரியைச் சுட்டிக்காட்டினார். "நமது முன்னாள் எசமானர்கள் அந்த நான்கு சொற்களை எதற்காக நம்மிடம் விட்டுச் சென்றார்கள் என்று எண்ணுகிறீர்கள்? அலமாரியில் வைத்து அழகு பார்க்கவா?"

சாத்தியத்துறை அப்படித்தான் உண்டானது. நான்கு முத்திரைகள், மூன்று மைப்பெட்டிகள், நூற்றிருபது அலுவலர்கள். காணாமல் போனவர்கள் என்ற சொல் தடைசெய்யப்பட்டு, அவர்களுக்குச் சாத்தியர்கள் என்று பெயர் வைக்கப்பட்டது.

நகுலேஸ்வரிக்குக் கடிதம் வந்தது. பாய்மரக்காரரின் மொழியில் ஒரே வரி, அதன்மேல் சிவப்பு முத்திரை. அவள் அதைத் தூக்கிக்கொண்டு அந்த மொழி கற்பிக்கிற ஜெசிந்தா டீச்சரிடம் ஓடினாள்.

"ஹி மஸ்ட் பி அலைவ்" என்று டீச்சர் வாசித்தார். "உயிரோட இருக்கத்தான் வேணும் எண்டு எழுதியிருக்கினம், நகுலா."

"இருக்கிறார் எண்டே டீச்சர்?"

"அப்பிடி இல்லை. இருக்கிறார் எண்டால் இஸ் எண்டு போட்டிருப்பினம். இது பாக்காமல் சொல்லுறது. ஒரு வீட்டில அடுப்புப் புகை வந்தால், உள்ளுக்கு ஆக்கள் இருக்கத்தான் வேணும் எண்டு றோட்டில நிண்டு சொல்லுறேல்லையோ, அது மாதிரி."

"அப்ப அவை அவரைப் பாக்கேல்லையோ?"

"பாத்ததெண்டு எழுதேல்லை."

நகுலேஸ்வரி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அன்று பின்னேரம் மோதகம் அவித்து அயலுக்கெல்லாம் கொடுத்தாள். வாங்கிய யாரும் எதற்கென்று கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு சாத்தியப் பராமரிப்புச் சட்டம் வந்தது. ஒருவர் உயிரோடு இருக்கக்கூடும் என்ற நிலையை அரசு மட்டும் தனியாகத் தாங்க முடியாது, குடும்பமும் தோள் கொடுக்க வேண்டும் என்று அதன் முன்னுரை சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சட்டத்தின்படி, சாத்தியரின் செருப்பு வாசலில் தூசியில்லாமல் இருக்க வேண்டும். அவருடைய சட்டை தோய்த்து மடித்து வைக்கப்பட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அவருக்கென்று சோறு சமைத்து, அவருடைய இடத்தில், அவருடைய தட்டில் பரிமாற வேண்டும். கஞ்சி ஏற்கப்படாது. குடும்பத்தினர் நம்பிக்கையோடு இருக்கிறார்களா என்று சாத்தியப் பரிசோதகர் வந்து பார்ப்பார். குறை கண்டால் முத்திரை ஒரு படி இறங்கும்.

பரிமாறிய சோற்றை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. வீட்டார் உண்டால் அது சாத்தியரின் பங்கைத் திருடியதாகும். காகத்துக்கு வைத்தால் அது இறந்தவருக்கு வைத்த படையல் என்று கொள்ளப்பட்டு, சாத்தியம் அக்கணமே ரத்தாகும். உணவை வீணாக்குவதோ பண்பாட்டுக்கு ஒவ்வாது. மூன்று அமர்வுகள் விவாதித்தபின், பரிசோதகரே உண்டுவிடுவது என்று விதி எழுதப்பட்டது.

சோறு வைக்கச் சொன்ன அரசு, மாசிலாமணியின் பங்கீட்டு அரிசியை நிறுத்திவிட்டது. பங்கீட்டுக் கடையில் நகுலேஸ்வரி காரணம் கேட்டபோது, உண்பது உறுதியாகத் தெரிந்தவர்களுக்கே அரிசி என்று சொல்லி அனுப்பினார்கள். தோணியை விற்றுப் பிழைக்கலாம் என்றால் அது மாசிலாமணியின் பெயரில் இருந்தது. அவர் உயிரோடு இருக்கக்கூடும் ஆதலால் அவருடைய கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஆக, இரண்டு பேருடைய அரிசியில் மூன்று பேருக்குச் சமைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு விரதம். சாமிக்கு இருக்கிற விரதம் என்று மகளிடம் சொல்லியிருந்தாள்.

அந்த வட்டாரத்துக்குப் பரிசோதகராக வந்தவர் குலவீரசிங்கம். தடித்த கண்ணாடி, கறுப்புக் குடை, அதிகம் பேசாத ஆள். அவர் பொறுப்பில் ஏழு வீடுகள் இருந்தன. வாரத்துக்கு ஏழு நாள், நாளுக்கு ஒரு வீடு. ஏழு ஆண்களுடைய சோற்றையும் அவர் ஒருவரே சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் நகுலேஸ்வரி வீட்டுக்கு வருவார். வாசலில் கால் கழுவுவார். செருப்பை விரலால் தடவிப் பார்ப்பார். சட்டையை விரித்து மடிப்பார். பிறகு மாசிலாமணியின் இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, தாளில் 'நம்பிக்கை திருப்திகரம்' என்று எழுதிக் கொடுத்துப் போவார். நல்ல மனிதர் என்றுதான் அந்தத் தெருவில் பேச்சு. மற்ற வட்டாரங்களில் பரிசோதகர்கள் மீன் கேட்டார்களாம்.

நம்பிக்கை திருப்திகரமாக இருந்தும் நான்காம் ஆண்டில் சிவப்பு முத்திரை போய் மஞ்சள் வந்தது.

"மே எண்டு போட்டிருக்கினம்" என்றார் ஜெசிந்தா டீச்சர்.

"அது குறைவோ டீச்சர்?"

"குறைவுதான். போன முறை இருக்கத்தான் வேணும் எண்டவை. இப்ப இருக்கலாம் எண்டு சொல்லுகினம்."

"நான் ஒரு வெள்ளியும் தவறவிடேல்லையே. பிறகேன் குறைச்சவை?"

டீச்சர் கடிதத்தை மடித்து அவளிடம் கொடுத்தார். அவர் வகுப்பறையில் அந்தச் சொற்களை வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்து வந்தவர். மழை பெய்யலாம், மாமா வரலாம், சாவி சட்டைப் பையில் இருக்கக்கூடும். பிள்ளைகள் எழுதுகிற உதாரணங்களெல்லாம் அப்படித்தான் இருக்கும். அந்த ஆண்டு ஒரு பிள்ளை, அப்பா உயிரோடு இருக்கலாம் என்று எழுதிவிட்டு, டீச்சர், இதில் எந்தச் சொல் போடவேண்டும் என்று கேட்டது. அவர் கரும்பலகையில் ஐந்தாவது சொல்லையும் எழுதி, இப்படியும் ஒரு சொல் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பாடத்திட்டத்தில் இல்லாத சொல்லைக் கற்பித்ததற்காக அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ஐந்தாம் ஆண்டின் கடைசியில் தேர்தல் வந்தது. வெற்றிவேந்தரை எதிர்த்து இன்னொருவர் நின்றார். போட்டி கடுமை என்று பேசிக்கொண்டார்கள். அமைச்சர் கம்பீரநாதர் ஒரு மாலை செயலாளரை அழைத்தார்.

"சாத்தியர்களுக்கு வாக்குரிமை உண்டா?"

"உயிரோடு இருக்கக்கூடியவர்கள் ஆதலால், உண்டு என்றே கொள்ளலாம்."

"வாக்களித்தால் யாருக்கு அளிப்பார்கள்?"

"தங்களை இத்தனை காலம் உயிரோடு இருக்கக்கூடியவர்களாகப் பேணி வந்த அரசை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், அமைச்சர் அவர்களே. நன்றியுள்ள மக்கள்."

பன்னிரண்டாயிரம் சாத்தியர்களின் வாக்குகளையும் அவர்கள் சார்பில் துறையே அளித்தது. வெற்றிவேந்தர் ஒன்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மறுநாள் வாக்களித்தோர் பட்டியல் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப்பட்டது. பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போன வதனி ஓரிடத்தில் நின்று தாயைக் கூப்பிட்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. மாசிலாமணி, தோணிக்காரர், வாக்களித்தார். முத்திரை இல்லை. கூடும், லாம் எதுவும் இல்லை. ஐந்து ஆண்டுகளில் நகுலேஸ்வரியின் கணவனைப் பற்றி அரசு நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

நகுலேஸ்வரி செருப்பில்லாமல் வாக்குச்சாவடி அதிகாரியிடம் ஓடினாள்.

"ஐயா, எந்தக் கதவால வந்தவர்? என்ன சட்டை போட்டிருந்தவர்? மெலிஞ்சு போனாரோ? வீட்டைப்பற்றி ஏதும் கேட்டவரோ?"

அதிகாரி பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வாக்கு வந்தது அம்மா. ஆள் வந்ததாக நாங்கள் எங்கும் குறிப்பிடவில்லை."

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடலாமா என்று எனக்கு இருக்கிறது. ஆனால் இருமணல் அரசு இதோடு நிறுத்தவில்லை.

அந்த வாரமே பெண்கள் தலைநகருக்கு நடந்தார்கள். சாத்தியத்துறைக்கு எதிரே, சாலையோரத்தில், தகரக் கொட்டகை போட்டு ஒரு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு படம் மடியில் இருந்தது. ஆயிரம் பேருக்குமேல் இருந்த வரிசை அது. வெளிநாட்டார் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஜெசிந்தா டீச்சருக்குக் காணாமல் போனவர் யாரும் இல்லை. இருந்தும், கடிதம் வாசிக்க ஆள் வேண்டுமே என்று வந்து உட்கார்ந்தார். நகுலேஸ்வரி வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு, மறுபடி வந்துவிடுவாள்.

"எங்களுக்கு லாம் வேண்டாம். இருக்கினமோ இல்லையோ, அதைச் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள்.

அதற்கும் ஒரு சட்டம் வந்தது. ஒரு சாத்தியரைப் பற்றி 'இருக்கிறாரா, இல்லையா' என்று கேட்பது, 'இல்லை' என்ற விடைக்கு வழிவகுக்கும் செயல்; ஆகவே அது அவரைக் கொல்ல உடந்தையாதல் எனக் கருதப்படும். அமைச்சர் கொட்டகைக்கே வந்து அதை வாசித்தார். கணவனைக் கொல்லத் துணிந்த மனைவிகளைத் தடுக்க வேண்டிய துர்ப்பாக்கியம் தமக்கு நேர்ந்ததே என்று வாசிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. அன்றிலிருந்து பெண்கள் ஒன்றும் கேட்காமல் படத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்கள். சும்மா உட்கார்வதைத் தடுக்கும் சட்டம் வரைவு நிலையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

ஆறாம் ஆண்டு குட் வந்தது. ஒன்பதாம் ஆண்டு மைட் வந்தது. அந்த முத்திரைக்கு மை இல்லை, தாளை அழுத்தி ஒரு பள்ளம் மட்டும் போட்டிருந்தார்கள். வரிசையில் இருந்த வயதான பெண்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். இறந்துபோன பெண் வைத்திருந்த படத்தை யார் வைத்திருப்பது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு படம், மூன்று படம் என்று மடியில் வைத்துக்கொண்டார்கள்.

பதினோராம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை. குலவீரசிங்கம் வழக்கம்போல் கால் கழுவி, செருப்பைத் தடவி, சட்டையை மடித்து, தட்டின் முன் உட்கார்ந்தார். வதனிக்குப் பதினேழு வயது. அவள்தான் அன்று பரிமாறினாள். சோறு போட்டுவிட்டு, போகாமல் எதிரே நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, அப்பாவும் இப்பிடித்தான் குழைச்சுச் சாப்பிடுவாரோ?" என்றாள்.

"எனக்கென்னண்டு பிள்ளை தெரியும்?"

"இல்லை, எனக்கு அவரின்ரை முகம் நினைவில்லை. அதில இருந்து சாப்பிட்டு நான் பாத்தது உங்களைத்தான். அப்பா எண்டு நினைச்சால் உங்கட முதுகுதான் வருது."

குலவீரசிங்கம் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். எழுந்து வெளியே போய், வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுக் கொப்பளித்தார். பிறகு நகுலேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அவர் இல்லை."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"முதல் நாளே இல்லை. நான் அப்ப அவரைக் கொண்டுபோன முகாமில எழுத்து வேலை. கொண்டு வந்து ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சுது. பேரும் ஊரும் நேரமும் நான்தான் எழுதினனான். பிறகு அந்தக் கொப்பியைத் துறைக்கு அனுப்பினவை. துறையில எல்லாருக்கும் தெரியும்."

"சிவப்பு முத்திரை குத்தேக்கையும் தெரியுமோ?"

"தெரியும்."

"இந்த ஏழு வீடும்?"

"ஏழும்தான்."

நகுலேஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சுகொண்டோ ஐயா, இவ்வளவு வெள்ளியும் இருந்து சாப்பிட்டனீங்கள்?"

"நம்பிக்கை திருப்திகரம் எண்டு எழுதினால்தான் உங்களை விடுவினம் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு, "எனக்கும் பிழைப்பு வேணுமே" என்றார். இரண்டும் உண்மைதான்.

"உடம்பை எங்க வைச்சவை?"

"அது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனபின் நகுலேஸ்வரி அழுதாள். பதினோரு வருடமாக அழக்கூடாது என்று இருந்தவள். அழுதால் அது நம்பிக்கைக் குறைவு, முத்திரை இறங்கிவிடும். அன்று வாய்விட்டு, அயலுக்குக் கேட்க அழுதாள். வதனி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். அந்த நாட்டில் ஒருவர் தமக்கு உரியவருக்காக அழுவதைக் கேட்டு நீண்ட காலம் ஆகியிருந்ததால், அயலவர்கள் முதலில் என்ன சத்தம் என்று விளங்காமல் வெளியே வந்து பார்த்தார்கள்.

அடுத்த வெள்ளி அவள் தலைக்கு முழுகி, மாசிலாமணிக்குப் பிடித்த வாழைக்காய்க் கறி வைத்து, வாழையிலையில் சோற்றைப் போட்டு மதிலில் வைத்தாள். காகத்தைக் கூப்பிட்டாள். குலவீரசிங்கம் படலைக்கு வெளியே குடையோடு நின்றார். காகம் தின்று முடிக்கும்வரை அவர் உள்ளே வரவில்லை.

"எழுதுங்கோ ஐயா" என்றாள் அவள்.

"எழுதினால் எல்லாம் முடிஞ்சிடும், தங்கச்சி."

"அது எப்பவோ முடிஞ்சுதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். எழுதுங்கோ."

அவர் எழுதினார். உணவு காகத்துக்கு வைக்கப்பட்டது. காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டார்.

துறையிலிருந்து கடிதம் வந்தது. ஜெசிந்தா டீச்சர் கொட்டகையில் வைத்து அதைப் பிரித்தார். வாய்விட்டு வாசிக்காமல் இரண்டு தடவை கண்ணோட்டினார்.

"என்ன டீச்சர், ஐஞ்சாவது சொல்லோ?"

"சொல்லே இல்லை நகுலா. நேராத்தான் எழுதியிருக்கினம்."

மாசிலாமணி என்னும் சாத்தியர், மனைவியின் பராமரிப்புக் குறைவு காரணமாக, சென்ற வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு இல்லாமற்போனார். அவருடைய வாக்குரிமை மட்டும் தொடரும்.

நகுலேஸ்வரி அதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "அப்ப, நான்தான் அவரைச் சாகடிச்சனான் எண்டு எழுதியிருக்கினம்."

"ஓம்."

"பரவாயில்லை டீச்சர். செத்துப்போனார் எண்டு ஒத்துக்கொண்டினமே" என்று அவள் கடிதத்தை மடித்தாள். வரிசையில் இருந்த மற்றப் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து சிலர் அவளை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். ஆனாலும் அவள் வரிசையை விட்டுப் போகவில்லை. உடம்பை எங்கே வைத்தார்கள் என்று கேட்பதைத் தடுத்து இன்னும் சட்டம் எதுவும் வரவில்லை. அதைக் கேட்கலாம் என்று இருந்தாள்.

காரணம் எழுதாமல் காலியாக விட்டிருந்த அந்த இடத்தைப் பற்றித் துறை யோசித்தது. பதினோரு ஆண்டு சோறு வைத்தவள் திடீரென்று காகத்துக்கு வைப்பானேன்? யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அந்த வீட்டுக்குப் போய்வந்த அதிகாரி ஒருவர்தான். நகுலேஸ்வரி யாருடைய பெயரையும் சொல்லவில்லை, சொல்லும்படி யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை, சில விளக்கங்கள் தேவைப்படுவதாகச் சொல்லி, குலவீரசிங்கத்தை வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள்.

துறை இப்போது மிகவும் திறமையாகிவிட்டது. முன்பு மாதக்கணக்கில் எடுத்த வேலையை நான்கு நாளில் முடித்தார்கள். சனிக்கிழமை மதியம் ஒரு பெண் கையில் கடிதத்தோடு கொட்டகை ஓரமாக வந்து, இங்கே யார் நகுலேஸ்வரி என்று விசாரித்தாள். குலவீரசிங்கத்தின் மனைவி இராசமலர். நாற்பது வயதிருக்கும். வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது.

"அக்கா, என்ரை அவர் உங்கட வீட்டுக்கும் வாறவர்தானே. நல்ல சாப்பாடு எண்டு சொல்லுவார்." கடிதத்தை நீட்டினாள். சிவப்பு முத்திரை இன்னும் ஈரமாக இருந்தது. "இருக்கத்தான் வேணும் எண்டு போட்டிருக்கெண்டு பக்கத்து வீட்டுப் பெடிச்சி வாசிச்சுச் சொன்னவள். நீங்கள் கனகாலமா உதுகளோட இருக்கிறனீங்கள். அவர் வருவாரோ அக்கா?"

நகுலேஸ்வரி கடிதத்தைப் பார்க்கவில்லை. இந்தப் பெண் இங்கே வந்து நிற்பதற்குத் தான் மதிலில் வைத்த சோறும் ஒரு காரணம் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் பாலத்தடியில் யாராவது வந்து ஒரு வார்த்தை நேராகச் சொல்லியிருந்தால், அவர்கள் காலில் விழுந்து கும்பிட்டிருப்பாள் என்பதும் தெரியும். எட்டி இராசமலரின் கையைப் பிடித்தாள்.

"வரமாட்டார், பிள்ளை. அவர் இப்ப இல்லை. அழுறதெண்டால் இண்டைக்கே அழு. நாளைக்கு அழ விடமாட்டினம்."

இராசமலர் கையை இழுத்துக்கொண்டாள். அழவில்லை. அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை, பிறகு வெறுப்பு வந்தது.

"அவர் சொன்னவர், உங்கட மனுசனை நீங்களே காகத்துக்குக் குடுத்திட்டு இருக்கிறியள். எல்லாரும் உங்களை மாதிரி எண்டு நினைக்காதேங்கோ."

கடிதத்தை மடங்காமல் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வரிசையில் அடுத்து இருந்தவளிடம் போனாள். அந்தப் பெண்ணின் மடியில் மூன்று படங்கள் இருந்தன.

"அக்கா, அவர் வருவாரோ?"

அடுத்தவள் நகுலேஸ்வரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சிவப்பு முத்திரையைப் பார்த்தாள். பிறகு படங்களை ஒரு பக்கமாக நகர்த்தி, பாயில் ஒரு ஆள் இருக்க இடம் விட்டாள்.

"வரலாம், பிள்ளை. வெயிலுக்க நில்லாமல் வந்து இரு."

இராசமலர் போய் உட்கார்ந்தாள். தேர்தலுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.